முரசுக்கு வயது வரம்பு உண்டோ?

போட்டி என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவருள் பக்தி மிகுந்த சிலர் முகம் சுளிப்பர். வெற்றி தோல்வி நுழைந்த வாசல் வழியே அன்பு வெளியேறிவிடும் என்பது அவர்தம் உறுதியான எண்ணம். வேறு சிலருக்கு வேறொரு மனக்குறை. கொட்டும் ஊதலும் சிறுவர்க்கு ஆகும். மீசை நரைத்தவர், பேரன் பேத்தி கண்டவர், சீருடை அணிந்து முரசின் வாரைத் தோளில் மாட்டி நிற்பது நகைப்புக்கு இடமாகும் என்பது அவர்கள் கட்சி. இவ்விரு கட்சியாரையும் எதிர்த்து வழக்காட நாம் துணிகிறோம். நமது சான்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வருகிறது. அங்கே நூறாண்டுக் காலமாக ‘டிரம் கோர்’ என்று வழங்கும் முரசு எக்காள அணிகள் இருந்து வருகின்றன. அவற்றுள் வயது வந்தோரும் நிற்பதற்கென அமைந்தவை மூத்தோர் அணிகள். அத்தகைய அணி ஒன்றில் ஒன்பது கோடைகள் பாரிடோன் ஊதிய உரிமையால் பேசுகிறோம். நடுநிலையாளர் போல நடிக்கும் எண்ணம் நமக்கு இல்லை.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். டிரம் கோர் என்பது நம்மூர்த் திருவிழாக்களில் தேருக்கு முன்னே செல்லும் பேண்டு வாத்தியம் போன்றதன்று. அதில் கிளாரினெட் இல்லை, சாக்சபோன் இல்லை. படைவீடுகளில் வீரரை எழுப்பவும் உறங்கச் செய்யவும் ஊதப்பட்ட பியூகிள் என்னும் எக்காளமும், நடைக்குத் தாளம் கொடுத்த முரசும், முன்னே பிடிக்கப்பட்ட கொடியுமே அதன் மூன்று உறுப்புகள். காலப்போக்கில் பியூகிள் குட்டியும் பெரிதுமாகப் பல்கி, சோப்ரானோ முதல் கான்ட்ராபேஸ் வரை ஒரு குடும்பமே ஆயிற்று. தொடக்கத்தில் தடுக்கிதழ் ஒன்றுமில்லாது இருந்த கருவி, ஒன்று, இரண்டு, மூன்று என்று தடுக்கிதழ்களைப் பெற்றது. மேடை யாதெனில், நூறு கெஜ நீளமுள்ள அமெரிக்கக் கால்பந்து மைதானம். அதில் ஐந்து கெஜத்திற்கு ஒரு வெள்ளைக்கோடு உண்டு. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டிற்கு எட்டு அடிவைப்பு. அதாவது ஓர் அடிவைப்புக்கு 22.5 அங்குலம். முன்னே நடந்தாலும் பின்னே நடந்தாலும் பக்கவாட்டில் நகர்ந்தாலும் அந்த இருபத்திரண்டரை அங்குலம் மாறலாகாது. கையில் இசைத்தாள் கிடையாது, அனைத்தும் மனப்பாடம். ஊதிக்கொண்டும் கொட்டிக்கொண்டும், வட்டமாய், சாய்கோடாய், சிதறிய மணலாய், மீண்டும் ஒரே நேர்கோடாய் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பார்ப்போருக்குக் கோலம் தெரியும். உள்ளே நிற்பவருக்கு வலப்பக்கத்தாரின் தோளும் இடப்பக்கத்தாரின் மூச்சுமே தெரியும்.

‘மூத்தோர்’ என்ற சொல் முதியோர் என்று பொருள்படாது. இளையோர் அணிகளுக்கு வயது வரம்பு உண்டு. இருபத்தொன்று முடிந்தால் அவற்றிலிருந்து விடைபெற வேண்டும். மூத்தோர் அணிக்கோ மேல் வரம்பு என்று ஒன்றில்லை. ஆகவே பள்ளி இறுதியாண்டு மாணவியும் ஓய்வூதியம் வாங்கும் தாத்தாவும் ஒரே வரிசையில் ஒரே அடியை ஒரே நொடியில் வைக்கின்றனர். இதன் வேர் முதல் உலகப் போரில் இருக்கிறது. 1918இல் போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் 1919இல் அமெரிக்கன் லீஜியன் என்னும் முன்னாள் வீரர் கழகத்தைத் தோற்றுவித்தனர். அதன் கிளைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. படையில் பியூகிள் ஊதியவரும் முரசு கொட்டியவரும் அக்கிளைகளில் ஒன்றுகூடி அணிகள் அமைத்தனர். ஆண்டு மாநாடுகளில் கிளைக்குக் கிளை போட்டியிட்டனர். பதுங்குகுழியில் கண்டதை வீட்டில் சொல்ல வாய்வராத மனிதர்கள் அவர்கள். சனிக்கிழமைதோறும் ஒன்றாக நின்று ஊதுவது அவர்களுக்குப் பேச்சாக இருந்தது என்றே நாம் கருதுகிறோம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அதே கதை மறுபடி நிகழ்ந்தது. நியூயார்க் ஸ்கைலைனர்ஸ் 1945இலும், நியூ ஜெர்சியின் ஹாதோர்ன் காபலேரோஸ் 1946இலும் பிறந்தன. பென்சில்வேனியாவின் ரெடிங் பக்கனீர்ஸ் 1957இல் வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில்தான் நம் திருச்சபை கதைக்குள் வருகிறது. சிகாகோவின் துணை ஆயர் பெர்னார்டு ஷீல் 1930இல் கத்தோலிக்க இளைஞர் அமைப்பைத் தொடங்கினார். தெருவில் கைகலக்கும் பையன்களைத் திருத்துவதற்கு அவர் தேர்ந்துகொண்ட வழி செபமாலைப் பிரசங்கம் அன்று, குத்துச்சண்டைப் போட்டி! பங்குகள் அந்த நுட்பத்தைப் பற்றிக்கொண்டன. நியூ ஜெர்சியின் கார்ஃபீல்டு ஆலைத்தொழிலாளர் நிறைந்த ஊர். அவ்வூரின் திருப்பெயர்ப் பங்கு 1934இல் ஓர் இளையோர் அணியை எழுப்பியது. பாஸ்டன் நகரின் ஹைடு பார்க் பகுதியில், இயேசுவின் விலைமதிப்பற்ற திரு இரத்தத்தின் பெயரால் அமைந்த பங்கு 1940இல் தன் அணியை எழுப்பியது. நியூவார்க்கில் நற்கருணைப் பங்கு, பேயோனில் புனித வின்சென்ட் பங்கு, டார்செஸ்டரில் புனித கெவின் பங்கு என்று இந்த வரிசை நீண்டது. அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் பிழைக்க வந்தவரின் பிள்ளைகள் அவர்கள். பங்குக்கூடத்தின் நிலவறையில் முரசடித்துப் பழகி, வாரக்கடைசியில் அடுத்த பங்கின் பிள்ளைகளோடு மோதினர். தந்தையர் மூத்தோர் அணியிலும் மைந்தர் இளையோர் அணியிலும் நின்ற வீடுகள் பல.

பிறகு நடந்தது என்ன? பங்குகள் ஒவ்வொன்றாகக் கையை உதறின. கார்ஃபீல்டு அணி 1950களின் இறுதியிலேயே தன் பங்கோடு உறவு முறிந்து ஊரின் பெயரைச் சூடிக்கொண்டது. மற்றவை அடுத்த இருபதாண்டுகளில் பிரிந்தன அல்லது மறைந்தன. காரணம் கேட்டால் பல சொல்வர். கருவிக்கும் சீருடைக்கும் பேருந்துக்கும் ஆகும் செலவு. பங்குப் பள்ளிகள் மெலிந்தது. மக்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தது. வியட்நாம் போர்க்காலத்தில் சீருடை என்றாலே எழுந்த வெறுப்பு. இவை யாவும் உண்மையே. ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்று கிடந்தது என்பது நம் துணிபு. மேய்ப்பர்களும் நிதிக்குழுக்களும் அதை ஒரு வெறும் சாதனமாகவே பார்த்தனர். பையன்களைத் தெருவிலிருந்து அகற்றி வைப்பதற்கு ஒரு கருவி, அவ்வளவே. பையன் வளர்ந்துவிட்டால் கருவியின் வேலை முடிந்தது. அந்தப் பையன் வளர்ந்தபின்னும் அதை நேசிப்பான், ஐம்பது வயதிலும் நேசிப்பான், அந்த நேசத்துக்குத் திருச்சபை ஒரு கூடத்தைத் திறந்துவைக்கலாம் என்பது எவர் மனத்திலும் உதிக்கவில்லை.

உதிக்காததால் அவர்கள் தாமே தமக்கு வழி தேடினர். மூத்தோர் அணிகள் சில 1960களின் நடுவில் தமக்கென ‘டிரம் கோர் அசோசியேட்ஸ்’ என்னும் சங்கத்தைக் கண்டன. அதன் முதல் வாகைப்பட்டத்தை 1965இல் ரெடிங் பக்கனீர்ஸ் வென்றது. இளையோர் அணிகள் ‘டிரம் கோர் இன்டர்நேஷனல்’ என்ற வேறோர் அமைப்பாகத் திரண்டு, 1972இல் தம் முதற்போட்டியை நடத்தின. இளையோர் உலகம் நாளடைவில் பெருஞ்செலவும் பெரும்புகழும் உடையதாயிற்று. கோடை முழுதும் பேருந்தில் உறங்கி நாடு சுற்றும் வாழ்வு அது. மூத்தோர்க்கு அது இயலாது. அவர்கள் திங்கட்கிழமை காலை வேலைக்குச் செல்ல வேண்டியவர்கள். ஆசிரியர், செவிலியர், குழாய் பழுதுபார்ப்பவர், காவலர், பேருந்து ஓட்டுநர், அஞ்சல் ஊழியர். பனிக்காலத்தில் ஏதேனும் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் தொடங்கும் பயிற்சி, செப்டம்பர் மாதத் தொழிலாளர் நாள் வார இறுதியில் பட்டப்போட்டியோடு முடிந்து வந்தது. சம்பளம் உண்டோ எனில், இல்லை. உறுப்பினரே சந்தா கட்டி ஊத வேண்டும். விடுப்பைக் கரைத்து, பணத்தைக் கட்டி, வெயிலில் வெந்து, பன்னிரண்டு நிமிட ஆட்டத்திற்காக எட்டு மாதம் உழைப்பதைப் பித்து என்று சிலர் சொன்னதுண்டு. பித்துத்தான். மறுக்கவில்லை.

இனி முதற்கட்சியாரின் வாதத்துக்கு வருவோம்: போட்டி அன்பைக் கொல்லும். இதற்கு விடை, பழைய மதிப்பெண் முறையில் இருக்கிறது. அந்நாளில் ஒவ்வோர் அணியும் முழு மதிப்பெண்ணோடு களத்தில் இறங்கும். நடுவர்கள் அட்டையும் எழுதுகோலுமாக வரிசைகளுக்குள்ளேயே நடப்பர், குனிந்து முரசுக்குச்சியைப் பார்ப்பர், காலடியைப் பார்ப்பர், ஊதுவோரின் முன்னே காதை நீட்டுவர். ஒரு பிழைக்கு ஒரு கீறல். ஒரு கீறலுக்கு ஒரு மதிப்பெண்ணில் பத்தில் ஒரு பங்கு போகும். ஒருவர் அரைத்தாளம் பிந்தினால் அணி முழுவதும் இழக்கும். ஆட்டத்துக்கு முன் காலணியின் பளபளப்பையும் பொத்தானையும் சோதித்து அதற்கும் கழிப்பார்கள். இந்தக் கீறல் முறை 1980களில் ஒழிந்தது. ஒட்டுமொத்த ஆற்றலை மதிப்பிடும் முறை வந்தது. நாம் சேர்ந்தபோது அது இல்லை. ஆயினும் அதைப் பற்றி மூத்தவர் பேசாத உணவு இடைவேளையை நாம் கண்டதில்லை. படைத்தளபதியைப் பற்றிப் பேசும் பழைய சிப்பாய்கள் போல, அஞ்சியும் பெருமைப்பட்டும் பேசுவர்.

இவ்வளவு கொடிய கணக்கில் அன்பு எங்கே தங்கும் என்று கேட்பீர்கள். நாம் கண்ட ஒன்றைச் சொல்லுகிறோம். எம் அணியில் அறுபத்தொரு வயதுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் சோப்ரானோ ஊதினார். ஒரு திருப்பத்தில், பின்னோக்கி நடந்து சாய்கோட்டில் நுழையுமிடத்தில், அவர் ஒவ்வொரு முறையும் ஓர் அடி பிந்தினார். முழங்கால் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. சனிக்கிழமை இரவுணவு முடிந்தபின், வண்டிகள் நிறுத்துமிடத்து விளக்கடியில், அவர் வரிசையில் நின்ற ஐவர் அவரோடு அதே எட்டு அடிகளைத் திரும்பத் திரும்ப நடந்தனர். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி எண்ணிக்கை சொன்னாள். ஏறத்தாழ நாற்பது முறை. இறுதியில் அவர் பிந்தாமல் நுழையும் வழி கண்டுபிடிக்கப்பட்டது. மற்ற ஐவரும் தம் அடிவைப்பைச் சற்றே மாற்றி அவருக்கு ஒரு நொடி இடம் உண்டாக்கினர். அந்தப் பெண் அவரிடம் முதலில் சொன்ன சொல், நீங்கள் பிந்துகிறீர்கள் என்பது.

மதிப்பெண் இல்லாத இடத்தில் அச்சொல்லை யார் சொல்லியிருப்பார்? பெரியவர் மனம் நோகும் என்று அனைவரும் வாய்மூடியிருப்பர். அடுத்த ஆண்டு அவரை மெல்ல அழைக்காமல் விட்டிருப்பர். நம் பாடகர் குழுக்களில் குரல் தளர்ந்தவருக்கு நேர்வது இதுவே அன்றோ? யாரும் அவரைத் திருத்துவதில்லை. ஒலிவாங்கியை மட்டும் சற்றுத் தள்ளி வைக்கிறோம். மரியாதை என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறோம். போட்டியோ அந்த மரியாதையை அனுமதிக்கவில்லை. உம் பிழை எம் பிழை என்ற கணக்கு அங்கே மேடைப் பேச்சாக இல்லை. பலகையில் எழுதப்பட்ட எண்ணாக இருந்தது. ஓர் உறுப்பு துன்புற்றால் உடல் முழுதும் துன்புறும் என்பதை நாம் வாசகமாகக் கேட்டிருக்கிறோம். பத்தில் ஒரு பங்கு மதிப்பெண்ணாக அதை உணர்ந்தவர்கள் இவர்கள்.

புனித பவுல் போட்டிக்கு அஞ்சியவர் அல்லர் என்பதையும் நினைவூட்டுவோம். கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் பந்தயத் திடலின் ஓட்டத்தையே உவமையாக எடுத்தார். அதே திருமுகத்தின் பதினான்காம் அதிகாரத்தில் தெளிவின்றி ஊதப்படும் எக்காளத்தை எள்ளி நகைத்தார். எண்ணிக்கை நூலின் பத்தாம் அதிகாரத்தில் மோசே செய்த இரு வெள்ளி எக்காளங்கள், மக்களை ஒன்றுகூட்டவும் பாளையங்களைப் புறப்படச் செய்யவும் பயன்பட்டன. இந்த மேற்கோள்களால் டிரம் கோர் ஒரு திருவருட்சாதனம் ஆகிவிடாது. அப்படிக் கூறும் அளவுக்கு நம் பித்து முற்றவில்லை. விவிலியத்தைக் கையில் வைத்துக்கொண்டு போட்டியை வசைபாடுவோர் அதைச் சற்றுப் புரட்டிப் பார்க்கட்டும் என்பதற்காகவே சொன்னோம்.

பகை வளராதோ எனில், வளரும். நமக்கு ஓர் எதிரணி இருந்தது. அதன் சீருடை நிறத்தில் சட்டை வாங்குவதையே ஒன்பது ஆண்டுகள் தவிர்த்தோம். ஆயினும் போட்டி முடிந்து எல்லா அணிகளும் களத்தில் வரிசையாய் நின்று மதிப்பெண் அறிவிப்பைக் கேட்கும் அந்த இறுதி நிமிடங்களில், எதிரணிக்காரரின் மனநிலையை நம்மைவிட நன்றாக அறிந்தவர் அரங்கில் எவருமில்லை. நம்மை மெய்யாகக் கவனித்துக் கேட்டவர்கள் அவர்களே. உறவினர் பாராட்டுவர், எதிரி மட்டுமே எந்த இடத்தில் நாம் மேம்பட்டோம் என்று சொல்லக்கூடியவன். தோற்ற இரவில் வண்டிகள் நிற்குமிடத்தில் எதிரணியின் பாரிடோன்காரர் தேடி வந்து, இரண்டாம் பாட்டின் நடுப்பகுதியை எப்படி அவ்வளவு தாழ்ந்த ஒலியில் ஊதினீர்கள் என்று கேட்டார். கேட்டுவிட்டு நெடுநேரம் போகாமல் நின்றார்.

இதற்கு மறுதலையாக ஒன்றைக் காட்டுவர். பட்டப்போட்டி வார இறுதியில் முன்னாள் உறுப்பினர்களின் அணிகள் மதிப்பெண் இன்றி ஊதும் ஒரு நிகழ்ச்சி நடந்து வந்தது. வெள்ளை முடியும் பழைய சீருடையும் பழைய பாட்டும். அரங்கு கண்ணீர் விடும், நாமும் விட்டிருக்கிறோம். போட்டி இன்றியே இத்தனை இனிமை உண்டாகிறதே, பிறகு நடுவர் எதற்கு என்று வாதிடுவர். அந்த இனிமை எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்பதில்லை. ஐம்பதாண்டுக்கு முன் கீறலுக்கு அஞ்சி ஒன்றாய் நின்றவர்களே இன்று கீறலின்றி ஒன்றாய் நிற்கின்றனர். அது அறுவடை. விதைக்காமல் அறுவடையை மட்டும் ஆண்டுதோறும் கொண்டாட முடியாது. போட்டியை அறியாத பத்துப் பேரை இன்று புதிதாய்க் கூட்டி, பழைய பாட்டைக் கொடுத்து நிறுத்திப் பாருங்கள். இனிய மாலைப்பொழுது கிடைக்கும். மறுவாரம் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

இரண்டாம் கட்சியாருக்கு, அதாவது நரைத்த தலையைக் கண்டு நகைப்போருக்கு, நீண்ட விடை தேவையில்லை. அவர்கள் நகைப்பின் கீழே ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது: விளையாட்டு சிறுவர்க்கு, பொறுப்பு பெரியவர்க்கு. நம் பங்குகளிலும் இந்தப் பாகுபாடு நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. இளைஞர் இயக்கம், விளையாட்டு விழா, கலைப்போட்டி எல்லாம் ஒரு வயது வரை. திருமணம் ஆனபின் ஒருவர் நிதிக்குழுவில் கணக்குப் பார்க்கலாம், பேரவையில் வாதாடலாம், அன்பியத்துக்குத் தேநீர் ஏற்பாடு செய்யலாம். புதிதாக ஒன்றைக் கற்றுத் தடுமாறும் உரிமை அவருக்கு இல்லை. மூத்தோர் அணியிலோ, நாற்பத்தாறு வயதில் முதன்முறையாகக் கருவியைத் தொட்ட மனிதரோடு நாம் ஒரே அறையில் பயின்றோம். அவருக்குக் கற்பித்தவன் கல்லூரி மாணவன். அவனை அவர் ‘ஐயா’ என்று விளிக்கவில்லை. அவர்கள் நாட்டில் அவ்வழக்கமும் இல்லை. ஆனால் அவன் கையை உயர்த்தியதும் பேச்சை நிறுத்துவார். வயதில் மூத்தவர் இளையவரிடம் பணிவுடன் கற்பதை நாம் வேறெங்கும் அத்தனை இயல்பாகக் கண்டதில்லை.

இந்தச் சமூகத்தின் மறுபக்கத்தை மறைத்துப் பேசினால் நம் வழக்கு நேர்மையற்றதாகும். பல அணிகளின் எக்காள வரிசை நெடுங்காலம் பெண்களுக்கு மூடிக்கிடந்தது. கொடி பிடிக்க அனுமதி, கருவி பிடிக்க இல்லை. இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. கார்ஃபீல்டு பங்கில் பிறந்து, பின்னர் ‘காடெட்ஸ்’ என்று நாடறிந்த அணியின் நெடுநாள் இயக்குநர் மீது 2018இல் பெண்கள் பலர் பாலியல் குற்றச்சாட்டுகளை வெளிப்படுத்தினர். அவர் பதவி விலகினார். முந்தைய காலத்துப் பாலியல் கொடுமை குறித்த வழக்கின் சுமையோடு அந்த அணி 2024இல் தன் கதவை மூடிக்கொண்டது. தொண்ணூறு ஆண்டு வரலாறு அவ்வாறு முடிந்தது. சீருடையின் ஒழுங்கு உள்ளத்தின் ஒழுங்கு ஆகாது. கட்டளைக்குக் கீழ்ப்படியப் பழகிய பிள்ளைகளைத் தீயவர் தேடி வருவர். இது முரசின் குற்றமா என்று கேட்டு நாம் நழுவப் போவதில்லை. பிள்ளைகளைக் காக்காத அமைப்பு மூடப்பட்டது நியாயமே. ஆனால் இதைக் காட்டி, பார்த்தீர்களா, இத்தகைய கூட்டங்களின் கதி இதுதான் என்று நம் கத்தோலிக்க நண்பர் ஒருவர் வெற்றிக் களிப்போடு சொன்னபோது நமக்குச் சினம் வந்தது. இந்த விடயத்தில் பிறரை நோக்கி விரல் நீட்டும் தகுதி கடைசியாக யாருக்கு வரும் என்பதை நம் திருச்சபையின் மக்கள் அறியாதவர்களா?

மூத்தோர் அணிகளின் நிலை இன்று யாது? டிரம் கோர் அசோசியேட்ஸ் சங்கம் தனித்து நின்று நடத்திய கடைசிப் பட்டப்போட்டி 2023இல் நடந்தது. 2024 முதல் மூத்தோர் அணிகள் டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பினுள் ‘எல்லா வயதினர்’ என்னும் பிரிவாகச் சேர்ந்துள்ளன. நிருவாகம் எளிதாகும், செலவு குறையும், பெரிய அரங்கு கிட்டும் என்கின்றனர். இருக்கலாம். அணிகள் குறைந்து வந்தன என்பதும் உண்மை. எனினும் சொந்தமாக ஒரு வீடு கட்டி ஏறத்தாழ அறுபது ஆண்டு வாழ்ந்தவர் மகன் வீட்டு மாடியறைக்குக் குடிபோவது போன்ற ஒரு மாற்றம் இது. உணவு நன்றாகவே கிடைக்கும். சாவி அவர் கையில் இராது. அந்தப் பேருந்து ஓட்டுநரும் அவரைப் போன்றவரும் தம் விதிகளைத் தாமே வகுத்தனர், தம் நாட்களைத் தாமே குறித்தனர், தம் சண்டைகளைத் தாமே போட்டனர். பொதுநிலையினரின் பொறுப்பு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் நாம் பேசிக்கொண்டே இருப்பதை, எந்த மறைக்கல்வியும் இன்றி, அவர்கள் ஒரு விளையாட்டு மைதானத்தில் நடத்திக் காட்டினர்.

அக்காலத்தில் சனி, ஞாயிறு இரண்டும் எமக்குப் பயிற்சியாகவே கழியும். ஆகவே கத்தோலிக்கர் சிலர் சனி மாலைத் திருப்பலிக்கு, வெயிலில் காய்ந்த முகமும் சுண்ணாம்பு படிந்த காலணியுமாக, பக்கத்திலிருந்த ஒரு கோவிலின் கடைசி இருக்கையில் போய் அமர்வோம். அங்கிருந்த பங்குத்தந்தை ஒருமுறை, இந்த வயதில் இதெல்லாம் எதற்கு, அந்த நேரத்தைப் பங்குக்குத் தரலாகாதா என்று கேட்டார். எம்மில் மூத்தவர், முன்னாள் கடற்படை வீரர், நாங்கள் எட்டுப் பேர் இருக்கிறோம், உங்கள் கூடம் சனிக்கிழமை இரவில் பூட்டியே கிடக்கிறதே, மழைநாளில் அதைத் தருவீர்களா என்று திருப்பிக் கேட்டார். தளத்தில் கீறல் விழும் என்று விடை வந்தது.

ஹைடு பார்க் பங்கின் பிள்ளைகள் 1940இல் தொடங்கிய அந்த அணி, ‘பாஸ்டன் குருசேடர்ஸ்’ என்ற பெயரோடு இன்றும் இயங்குகிறது. 2025 ஆகஸ்டில், தன் எண்பத்தைந்தாம் ஆண்டில், டிரம் கோர் இன்டர்நேஷனலின் உலக வாகைப்பட்டத்தை அது முதன்முறையாக வென்றது. பட்டம் பெற்றது இளையோர் அணி. அந்த இளைஞருள் பலர் இருபத்தொரு வயதைக் கடந்து அதனிடம் விடைபெறுவர். அவருள் முரசை விட மனமில்லாதவர், அடுத்த பனிக்காலத்தில் ஏதேனும் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் கதவைத் தட்டுவர். கதவைத் திறப்பவர் ஒரு பேருந்து ஓட்டுநராகவோ செவிலியராகவோ இருக்கலாம். எந்தப் பங்கு என்று கேட்கமாட்டார். எந்தக் கருவி என்று கேட்பார்.